ஏழு பல்பு, ஏழு பொட்டு

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டுப் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலில் குட்டி யானை சரக்கு வண்டி வந்து நின்றது. மாடி ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்த சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியின் பின்னால் பழைய மெத்தை ஒன்றின் மேல், அவர்கள் வீட்டுப் பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது ஆப்பரேஷன் தியேட்டர் விளக்கு. அதைக் கட்டிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் அவள் கணவன் வேல்முருகன்.

"ஊடு பூரா அந்தப் போர்வையத் தேடினேனுங்க," என்றாள் கீழே இறங்கி வந்து.

"கண்ணாடிச் சாமான் புள்ள. குளுருமில்ல அதுக்கு."

மூடிப்போன ஆஸ்பத்திரிகளில் இருந்து பழைய கருவிகளை வாங்கி, பழுது பார்த்து, புதிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பது வேல்முருகனின் தொழில். சௌந்தர்யா இந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். டாக்டர் பெரியநாயகி ஆஸ்பத்திரி திறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. விளக்கு வாங்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, "எங்க ஊட்டுக்காரரே கொண்டாந்து மாட்டித் தருவாருங்க மேடம்," என்று பெருமையாகச் சொன்னவள் சௌந்தர்யாதான்.

இரண்டு ஆட்கள் சேர்ந்து விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்த் தியேட்டரின் தரையில் கண்ணாடி மேலாக மல்லாத்தி வைத்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் பகல் எது இரவு எது என்று தெரியாது. நடுவில் மேஜை, சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், எப்போதும் ஒரு மருந்து நெடி.

வேல்முருகன் கண்ணாடி மூடியைக் கழற்றினான். உள்ளே பூவின் இதழ்கள் போல ஆறு கிண்ணங்கள், நடுவில் ஒன்று.

"பழைய பல்பு அத்தனையும் எடுத்துப்போட்டு எல்இடி மாட்டியிருக்கேன். ஆனா சௌந்து, இந்தக் கறைதான் என்னன்னு தெரியல. ஸ்பிரிட்டு, பெட்ரோல் எல்லாம் போட்டுத் தொடச்சுப் பாத்துட்டேன். போக மாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள்.

ஏழு கிண்ணங்களின் அடியிலும், பல்பு நிற்கும் இடத்தை ஒட்டி, காய்ந்து கருகிப்போன பழுப்பு வட்டம். ஒவ்வொன்றும் ஒரு விரல் நுனி அளவு. ஒவ்வொன்றின் நடுவிலும் கருஞ்சிவப்பாய் ஒரு புள்ளி.

"எங்கிருந்து எடுத்தீங்க இத?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

"ஓமலூர்ல. மூடிக் கெடந்த ஆஸ்பத்திரி. என்ன, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"காத்தில்லாத ரூமுங்க. அதான்."

அந்த நேரம் பார்த்து ஆயா மயிலம்மாள் ஒரு சின்னக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். "புதுச் சாமான் வந்துருக்குது, ஒரு பொட்டு வெக்காம மேல ஏத்துவீங்களா? நகரு கண்ணு," என்றபடி, சந்தனத்தில் தோய்த்த விரலை விளக்கின் பக்கம் நீட்டினாள்.

சௌந்தர்யா அவள் கையைத் தட்டிவிட்டாள். கிண்ணம் டைல்ஸில் விழுந்து உருண்டு, மேஜைக்கு அடியில் போய் நின்றது.

மயிலம்மாள் திகைத்துப்போனாள். "ஏஞ் சாமி, பொட்டுதான வெக்க வந்தேன். தேளையா கொண்டாந்தேன்?"

 வேல்முருகன் மனைவியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான்.

மத்தியானத்துக்குள் விளக்கு கூரையில் ஏறிவிட்டது. அவன் சுவிட்சைப் போட்டதும், மேஜை மேல் விரித்திருந்த பச்சைத் துணியில் பால் கொட்டியது போல வெளிச்சம் பரவியது.

"இதுல என்ன விசேசம் தெரியுமுங்களா ஆயா?" அவன் கையை விளக்குக்குக் கீழே நீட்டிக் காட்டினான். "ஒரு பல்ப கை மறைச்சா, மத்த ஆறும் அந்த எடத்துக்கு வெளிச்சம் குடுத்துரும். டாக்டர் எத்தன பேரு குனிஞ்சு நின்னாலும் நெழலே உழுவாது. பாருங்க, எங்கையோட நெழல் எங்க?"

உண்மைதான். துணியில் நிழல் இல்லை. மயிலம்மாள் கோபத்தை மறந்து, தன் கையையும் நீட்டி வேடிக்கை பார்த்தாள். சிரித்தபடியே இருவரும் வெளியே போனார்கள்.

சௌந்தர்யா விளக்கை அணைக்கப் போனவள், கடைசியாக ஒரு முறை மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

பச்சைத் துணியின் நடுவில் ஒரு கையின் நிழல் இருந்தது.

மங்கலாக அல்ல. வெயிலில் விழும் நிழல் போல, ஓரம் கத்தரித்தாற்போல. விரல்கள் விரிந்திருந்தன. மணிக்கட்டில் கோடு கோடாக, அடுக்கி வைத்தது போல வளையல்கள்.

தியேட்டரில் வேலை செய்கிறவர்கள் வளையல் போடுவதில்லை.

எங்கோ மிக அருகில், கண்ணாடி கண்ணாடியோடு உரசும் சத்தம். அதன் பின்னால் மெல்ல ஒரு வாசனை எழுந்தது. சூடான இரும்பில் சந்தனம் கருகும் வாசனை.

அவளுக்கு அந்த வாசனையை எட்டு வருடமாகத் தெரியும்.

அப்போது சௌந்தர்யாவுக்கு இருபத்து மூன்று வயது. ஓமலூரில், அதே ஆஸ்பத்திரியில் முதல் வேலை; எந்த ஆஸ்பத்திரி என்று கணவனிடம் அவள் சொன்னதே இல்லை. மற்ற ஊர்களில் எப்படியோ, லாரியும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் தறியும் சோறு போடும் இந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை தீபாவளியை விடப் பெரிது. அவள் அப்பா லாரி டிரைவர். பூஜையன்று பானட்டுக்கு மட்டும் பொட்டு வைத்தால் அவருக்கு மனசு ஆறாது. என்ஜினுக்கு, பேட்டரிக்கு, டூல்ஸ் பெட்டியில் இருக்கும் கடைசி ஸ்பேனருக்கு வரை ஒவ்வொரு பொட்டு வைக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்த வருடம் ஆயுத பூஜையன்று காலையில், தியேட்டர் விளக்கின் மூடியைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, உள்ளே இருந்த ஏழு பல்புக்கும், அவை நிற்கும் கிண்ணங்களுக்கும் வெறும் விரலால் சந்தனம் தொட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். ஆசையாக, ஒன்று விடாமல். பிறகு மூடியைப் போட்டு முடுக்கிவிட்டாள்.

பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொடுவதில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆராயி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். கையில் வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள். கழற்ற நேரம் இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவள் முழித்துக்கொண்டே இருந்தாள். பயத்தில் சௌந்தர்யாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றைத் திறந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். முதல் பல்பு வெடித்தது. அடுத்து இரண்டாவது. ஏழும் வெடித்து முடிந்தபோது மெயின் கரண்டும் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறை. டாக்டர் கத்தினார். யாரோ டார்ச்சைத் தேடி ஓடினார்கள். இருட்டுக்குள் கருகிய சந்தன வாசனை. ஆராயியின் குரல் மட்டும், கெஞ்சலாக.

"வெளிச்சத்தப் போடுங்க சாமி. பாப்பாவப் பாக்கோணும்."

டார்ச் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வோல்டேஜ் ஏறி இறங்கியதால் வந்த விபத்து என்று எழுதினார்கள். அன்று சாயங்காலம் மூடியைத் திறந்து, கண்ணாடித் தூளை எல்லாம் யாருக்கும் தெரியாமல் வாரிப் போட்டவள் சௌந்தர்யா. பொட்டினால்தானா என்று அப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பிடும்போது வேல்முருகன் பேச்சுவாக்கில் சொன்னான்: அந்தக் கால பல்பை வெறுங்கையால் தொடவே கூடாது, விரலின் எண்ணெய் ஒட்டினாலே சூட்டில் அந்த இடம் வெந்து வெடித்துவிடும். அன்றைக்கு அவள் சோற்றில் வைத்த கையோடு எழுந்து போனாள். காரணம் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் விளக்குக்குக் கீழே முதல் ஆப்பரேஷன். சின்னதுதான், அரை மணி நேர வேலை. சௌந்தர்யா கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், கைய எடுங்க. மறைக்குது," என்றார் டாக்டர், நிமிராமல்.

அவள் கை மேஜையின் பக்கத்திலேயே இல்லை.

"சிஸ்டர், சொல்றனில்ல."

"எடுத்துட்டேனுங்க மேடம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இரண்டு கைகளும் நெஞ்சோடு சேர்ந்திருந்தன. அவர் விளக்கை அண்ணாந்து பார்த்து, பிடியைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். 

அன்று மத்தியானம் சௌந்தர்யாவின் தங்கை இலக்கியா ஸ்கேனுக்கு வந்தாள். ஒன்பது மாதம். அவள் கணவன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தான். குழந்தை தலை மேலாகத் திரும்பியிருக்கிறது, சனிக்கிழமை ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"அக்கா இருக்கறப்ப எனக்கென்ன பயமுங்க மேடம்," என்று சிரித்தாள் இலக்கியா. "மாமா மாட்டுன லைட்டுல என்ற பாப்பா பளபளன்னு வரப்போவுது."

அப்போது தியேட்டரின் மூடிய கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. சௌந்தர்யாவுக்கு மட்டும் கேட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில், மலைக்குப் போகும் ரோடு பிரியும் இடத்தில் கணவனை வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேல்முருகன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.  அவன் என்ன சொல்வானோ என்றுதான் இத்தனை வருடம் அவள் பயந்திருந்தாள்.

"சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிச்சுப் போனியே, அதுக்கா?"

"ஆமாங்க."

"இத்தன வருசம் ஒருத்தியே தூக்கிட்டுத் திரிஞ்சியா புள்ள." அவன் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். "நெழலு கிழலு எனக்குத் தெரியாது. ஆனா இலக்கியாவுக்கு அந்த லைட்டு வேண்டாம். நாளைக்கி ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம். ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் ஓமலூர் போயி, அந்த ஆராயி ஊட்டுல உள்ளதச் சொல்லிப்போட்டு வரலாம். என்ன வேணா பேசட்டும். கேட்டுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். வேல்முருகனின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வரை அழுதாள்.

ஆனால் ஈரோட்டுக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இலக்கியாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஈரோடெல்லாம் போக நேரமில்ல சிஸ்டர். பத்து நிமிசத்துல எடுக்கோணும்," என்றார் டாக்டர்.

சௌந்தர்யா கணவனுக்குப் போன் செய்தாள். "குடோன்ல இருந்து ஸ்டாண்ட் லைட்ட எடுத்துட்டு வாங்க. பேட்டரியில எரியறத. தியேட்டர் கதவுகிட்டயே நில்லுங்க."

அவன் உடனே வண்டியை எடுத்தான்.

தங்கையின் ஆப்பரேஷன் என்பதால் கருவி கொடுக்க இன்னொரு நர்ஸ் கோகிலவாணி நின்றாள். குழந்தையை வாங்கிக்கொள்வது சௌந்தர்யாவின் வேலை. மயக்க டாக்டர் ஊசி போட்டுவிட்டு இலக்கியாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். தங்கையின் கையில் இருந்த வளையல் அத்தனையையும் சௌந்தர்யாவே கழற்றி, எண்ணி, டப்பாவில் போட்டு வெளியே அனுப்பியிருந்தாள்.

விளக்கு எரிந்தது.

டாக்டர் கத்தியை எடுத்தார்.

சந்தன வாசனை.

"அக்கா," என்றாள் இலக்கியா, கூரையைப் பார்த்தபடி. "என்ற கையப் புடிச்சிருக்கறது யாரு?"

சௌந்தர்யா பார்த்தாள். இலக்கியாவின் வலது கை பலகையின் மேல் தனியாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அந்த விரல்கள், இன்னொரு கையின் விரல்களோடு பின்னிக்கொண்டது போல, விலகி வளைந்திருந்தன.

"ஜில்லுன்னு இருக்குதுக்கா. விடச் சொல்லு."

"ஒண்ணுமில்ல கண்ணு. நாந்தான்," என்று பொய் சொன்னாள்.

விரித்த பச்சைத் துணியின் மேல் அந்த நிழல் ஏறியது. மணிக்கட்டு, வளையல், ஐந்து விரல்கள். அவசரப்படாமல் நகர்ந்து, டாக்டரின் கைகளுக்குக் கீழே போய் நின்றது.

"லைட்டத் திருப்புங்க. இருட்டா இருக்குது," என்றார் டாக்டர். கோகிலவாணி பிடியைத் திருப்பினாள். நிழல் அசையவில்லை. டாக்டரின் நெற்றியில் வேர்வை பூத்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவித் தடவி வேலை செய்தார்.

"வந்துருச்சு. புடிங்க சிஸ்டர்."

சௌந்தர்யா துணியை விரித்து வாங்கினாள். பெண் குழந்தை. கதகதப்பாக, கனமாக, ஈரமாக. அழவில்லை.

நிழல் மேஜையை விட்டு அவள் கைகளுக்குத் தாவியது.

முதலில் குழந்தையின் வயிற்றில் விழுந்தது. பிறகு நெஞ்சில். பிறகு கழுத்தில். அங்கே விரல்கள் மெல்ல மூடின. குழந்தையின் உதடு நீலம் பூத்தது. தலைக்கு மேல் விளக்கு, மாட்டிய அன்று எரிந்ததை விட இரண்டு மடங்கு பிரகாசமாக, சத்தம் போடாமல் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த வெளிச்சம் இருந்தால்தான் அந்தக் கை இருக்கும்.

அன்றைக்கு ஒரு முறை இருட்டாக்கியவள், இன்னொரு முறை இருட்டாக்கினாள்.

சுவரை ஒட்டி நகர்ந்து, முழங்கையால் தியேட்டரின் மெயின் சுவிட்சை இடித்து அணைத்தாள்.

"யாரு அது? லைட்டப் போடு," டாக்டர் கத்தினார்.

முழு இருட்டு.

குழந்தையைப் பிடித்திருந்த அவள் கைகளுக்கு மேல், இன்னும் இரண்டு கைகள் இருந்தன. பனிக்கட்டி போன்ற வளையல்கள் அவள் மணிக்கட்டில் உரசின. காதோரம் மூச்சு இல்லாத ஒரு குரல்.

"காட்டு."

"இது உங்க பாப்பா இல்லீங்க," என்றாள் சௌந்தர்யா. "உட்டுருங்க. ஞாயித்துக்கெழம வந்து எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். சத்தியமா."

வளையல்கள் உரசுவது நின்றது.

"என்ற பாப்பா எங்க?"

அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஸ்டாண்ட் லைட்டைத் தள்ளிக்கொண்டு வேல்முருகன் உள்ளே வந்தான். ஒற்றை விளக்கின் வெளிச்சம் மேஜை மேல் விழுந்தது. எல்லோருடைய நிழல்களும் சுவரில் தாறுமாறாக ஏறின. டாக்டருக்கு, கோகிலவாணிக்கு, அவளுக்கு, அவனுக்கு. மனிதர்களின் சாதாரண நிழல்கள். அவற்றைப் பார்த்து இவ்வளவு நிம்மதி வரும் என்று சௌந்தர்யா நினைத்ததே இல்லை.

குழந்தை வீறிட்டு அழுதது.

அன்று சாயங்காலமே வேல்முருகன் பெரிய விளக்கைக் கழற்றி, சுத்தியலால் அடித்து உடைத்து, பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டான். ஒயரில் கோளாறு என்று டாக்டரிடம் சொன்னான். அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனது போகட்டும்," என்று மட்டும் சொன்னார். சௌந்தர்யாவின் இரண்டு மணிக்கட்டிலும் வளையம் வளையமாகச் சிவந்து கன்றியிருந்தது. அதற்கு அவன் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான்.

சனிக்கிழமை நன்றாகப் போனது. இலக்கியா இட்லி சாப்பிட்டாள். குழந்தை பால் குடித்தது. மயிலம்மாள், "சித்தி மூக்கு அப்படியே இருக்குது," என்றாள். "சித்தி இல்ல ஆயா, பெரியம்மா," என்று திருத்திச் சிரித்தாள் சௌந்தர்யா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேல்முருகன் சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். "கெளம்பலாமா? ஓமலூருக்கு."

அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இருட்டில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனால் விளக்கு உடைந்துவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் செத்தவளின் வீட்டுப் படியேறி, நான்தான் என்று எப்படித் தொடங்குவது?

"இலக்கியாவத் தனியா உட்டுட்டு எப்படிங்க வாரது? அடுத்த வாரம் பாத்துக்கலாமே."

 அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினான்.

மத்தியானம் குழந்தை டாக்டர் வந்து பார்த்தார். குழந்தையின் தோலில் மஞ்சள் ஏறியிருந்தது. "பயப்பட ஒண்ணுமில்ல. நெறையக் கொழந்தைங்களுக்கு வாரதுதான். ரெண்டு நாளு நீல லைட்டுக்கடியில வெச்சா சரியாயிரும். பால் குடுக்கற நேரம் போக எந்நேரமும் எரியோணும் சிஸ்டர். அணைச்சிராதீங்க."

பக்கத்து அறையில் கண்ணாடித் தொட்டில். அதன் மேல் நீலக் குழல் விளக்குகள் வரிசையாக எரிந்தன. குழந்தையின் கண்களைத் துணிப்பட்டையால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள். வெறும் உடம்பு நீல வெளிச்சத்தில் மிதப்பது போல இருந்தது. வேல்முருகன் சாப்பாடு வாங்கப் போயிருந்தான். சௌந்தர்யா ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி வெயில். ரோட்டில் ரிக் லாரி ஒன்று இரும்புக் குழாய்கள் அதிர அதிரப் போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகும் மெல்லிய கலகலப்பு ஒன்று மிச்சம் இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

குழந்தையின் நெஞ்சின் மேல் ஒரு கையின் நிழல். மணிக்கட்டு நிறைய வளையல். அது கழுத்தை நெரிக்கவில்லை. தூங்க வைப்பது போல, மெல்ல, மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. கண் கட்டியிருந்த குழந்தை உதட்டைச் சுழித்துச் சிரித்தது.

சௌந்தர்யா பாய்ந்து சுவிட்சில் கை வைத்தாள்.

விரலில் ஈரமாக ஏதோ ஒட்டியது.

சுவிட்சின் மேல், அப்போதுதான் அரைத்து வைத்தது போல, சந்தனம். அதன் நடுவில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.